மேடை உயரம்

முதலில் வந்தவன் போனிலேயே விலை சொன்னான்.
அடுத்தவன் படம் காட்டினான்:
கடுகு வெடித்த தடமே இல்லாத சமையலறைகள்,
கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று பச்சை ஆப்பிள்.
அதற்குப் பிறகுதான் செங்கோட்டுவேல்,
வஞ்சிபாளையம் பிரிவிலிருந்து,
டிவிஎஸ் எக்ஸெல்லில், காதில் பென்சிலோடு.
நேரே போய்ச் சிங்க்குக்கு அடியில் குனிந்து
சுவரில் உள்ளங்கையை வைத்தார்.
"தண்ணி ஊறுதுங்க. மொதல்ல இதுக்கு வழி பண்ணோணும்."
அவரையே பேசி முடித்தோம்.

ஒரு பிளைவுட்டுக்குத் தண்ணீர் பயமில்லையாம்,
இன்னொன்றுக்குக் கரையான் பயமில்லையாம்,
எதற்குமே பயப்படாதது
சதுர அடிக்கு நாற்பது ரூபாய் கூட.
கலாமணி கால்குலேட்டரைத் தட்டினாள்.
பனியன் கம்பெனியில் ஐம்பது மிஷினை மேய்ப்பவள்.
பீஸுக்கு ஆறு பைசா
எங்கே ஒழுகுகிறதென்று கண்டுபிடிக்கிற விரல்கள்.
சிலுவாட்டுக் காசும் சீட்டுப் பணமும் சேர்த்து
முன்பணம் எழுபதாயிரம்.
"பாதியில கொஞ்சம் குடுங்க" என்றார்.
"பாதி முடியட்டுமுங்க" என்றாள்.

பிறகு டேப்பை இழுத்தார்.
"அக்கா, இப்படி வந்து நில்லுங்க. கைய மடக்குங்க.
முழங்கைக்கு நாலு விரல் கீழ மேடை வந்தா
இடுப்பு நோவாதுங்க."
போய் நின்றாள்.
சுவரில் ஒரு கோடு. முப்பத்திரண்டு அங்குலம்.

நான் பிரிட்ஜ் ஓரமாக நின்றிருந்தேன்,
ஆறடிக்கு அரை விரல் குறைச்சலாக.
சாயப்பட்டறையை மூடின வருசத்திலிருந்து
இந்த வீட்டில் சோறாக்குவது நான்தான்.
ஒறம்பரை வந்தால் மட்டும்
கரண்டி கை மாறும்.
அவள் அடுப்போரம் நிற்பாள்,
நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பேன்.
எல்லோர் முன்னாலும் என்னிடமே கேட்பாள்,
"உப்பு செரியா இருக்குதுங்களா?"
பேசி வைத்துக்கொண்டதில்லை.
அப்படியே அமைந்துவிட்டது.

பென்சில் காதுக்குத் திரும்பியது.
நான் வாய் திறக்கவில்லை.
பதினாலு வருசம் குனிந்தாயிற்று,
இன்னும் கொஞ்சம் குனிந்தால் என்ன.

கலாமணி கால்குலேட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"என்ற அளவு எதுக்குங்க?
நா காப்பி வெக்கறதோட செரி.
இவர நிறுத்தி அளந்து போடுங்க."

செங்கோட்டுவேல் சிரிக்கவில்லை.
"கைய மடக்குங்கண்ணா."
முதல் கோட்டுக்கு நாலரை அங்குலம் மேலே
இன்னொரு கோடு.
"கொள்ளு கடையறதுண்டுங்களா?
அந்த எடத்த மட்டும் ரெண்டங்குலம் தணிச்சுக்கலாம்,
மத்துக்குக் கை எறங்கோணுமில்லீங்க."
இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை.
கேட்டதற்கும் சொன்னேன், கேட்காததற்கும் சொன்னேன்.
அரிசிம்பருப்புப் போசி எந்தத் தட்டில்,
சீரகம் ஏன் இடது கைக்கு,
அட்டாலிக்கு ஏன் கதவு வேண்டாம்.
அவர் அட்டைப்பெட்டியின் முதுகில் எழுதிக்கொண்டே வந்தார்.

பழைய கடப்பாக்கல்லைப் பெயர்க்கும்போது
நாலாக உடைந்தது.
அடியில் ஒரு டீஸ்பூன், காய்ந்த பூண்டுப் பல்,
எப்போதோ தேடிய கேஸ் புத்தகம்.

வியாழன் என்றது அடுத்த வியாழன் ஆனது.
மைக்கா வேறு நிறத்தில் வந்து திரும்பிப் போனது.
பதினேழு நாள் போர்டிகோவில்
ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு,
தெருவே பார்க்கத் தாளித்தேன்.
எதிர்வீட்டு வசந்தாமணி
இரண்டு நாள் பார்க்காத மாதிரி பார்த்தார்.
அப்புறம் கேட்டுக்கு மேலாகவே கேட்டார்,
"பச்சப்பயறு இத்தன வாசமா எப்படிங்க?"
வறுத்துட்டு வேக வெக்கோணுங்க என்றேன்.
என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

இப்போது கோடுகள் டைல்ஸுக்குப் பின்னால்.
நிமிர்ந்து நின்று வெங்காயம் அரிகிறேன்;
கண்ணீர் மட்டும் பழைய அளவில்தான்.

முதல் ஞாயிறு காப்பி வைக்க வந்தவள்
பால் சட்டியைப் பிடித்தபடி திகைத்தாள்.
"ஏனுங்க, எனக்கு நெஞ்சுக்கு வருது."
கொல்லையில் கிடந்த கடப்பாத் துண்டுகளை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன்.
ஏறி நின்றாள். ஆடவில்லை.

மூலை அலமாரியின் கீல் ஒன்று கத்துகிறது.
செங்கோட்டுவேலுக்கு நாலாயிரம் பாக்கி.
கத்துவது நின்றால்தான் காசு என்கிறாள்.
வியாழக்கிழமை வருகிறாராம்.